ஸ்டாட் ஆடிட்டிலிருந்து இன்சால்வன்சி, ஃபாரன்சிக் பக்கம் போகலாமா?

கொங்கு_ஆடிட்டர்: சிஏ முடித்து 3 வருஷம், எல்லாம் ஸ்டாட் ஆடிட் (சட்டப்படி கட்டாயமான கணக்குத் தணிக்கை). சென்னையில் ஒரு அட்வைசரி நிறுவனத்தின் ரீஸ்ட்ரக்சரிங் (திவாலாகும் கம்பெனியைச் சீரமைப்பது), ஃபாரன்சிக் (கணக்கில் மோசடியைத் துருவுவது) டீமில் கூப்பிடுகிறார்கள். தினசரி என்ன வேலை இருக்கும்? இன்சால்வன்சி புரொஃபஷனல் (ஐபி, திவால் கம்பெனியின் பொறுப்பை ஏற்பவர்) ஆவதற்கான லிமிடெட் இன்சால்வன்சி தேர்வை இப்போதே எழுதிவிடலாமா?

தீர்வுத்திட்டம்: இப்போது வேண்டாம். பாஸ் செய்து 12 மாதத்துக்குள் ஐபிகளைப் பதிவுசெய்யும் இன்சால்வன்சி ஏஜென்சியில் சேர விண்ணப்பிக்க வேண்டும். சேர்வதற்கு சிஏவாக 10 வருஷ அனுபவம் கேட்பார்கள். உங்கள் பாஸ் வீணாகிவிடும். பொறுக்க முடியாதென்றால் மானேசரில் உள்ள ஐஐசிஏ என்ற அரசு நிறுவனத்தின் 2 வருஷ இன்சால்வன்சி புரோகிராம் இருக்கிறது. டீமில் வேலை பார்க்க ஐபி பதிவு தேவையே இல்லை.

கடன்கணக்கு: வேலையைப் பற்றிச் சொல்கிறேன் சார். என்சிஎல்டி (கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) திவால் மனுவை அட்மிட் செய்த அன்றே டேலி பேக்கப், பேங்க் கையெழுத்து அதிகாரம், ஜிஎஸ்டி லாகின் மூன்றையும் கைக்குக் கொண்டுவர வேண்டும். இன்சூரன்ஸ் முடியும் தேதியையும் அன்றே பாருங்கள், பிரீமியம் கட்டாமல் விட்டிருப்பார்கள்.

அடுத்தது கிளெய்ம், அதாவது கடன் கொடுத்தவர்கள் கேட்கும் பாக்கி. பேங்க் ஃபார்ம் சி, சப்ளையர் ஃபார்ம் பி. வட்டியை சிஐஆர்பி (திவால் தீர்வு நடவடிக்கை) தொடங்கிய நாள் வரைதான் ஏற்க வேண்டும். பேங்க் கொடுக்கும் ஷீட்டில் அதைத் தாண்டியும் ஓடியிருக்கும், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏற்ற தொகையை வைத்துத்தான் கடன் கொடுத்த பேங்குகளின் கமிட்டியில் ஓட்டுப் பங்கு. கம்பெனியை மீட்கும் திட்டம் நிறைவேற 66% வேண்டும் என்பதால் இங்கே விடும் தப்பு ஓட்டையே புரட்டிவிடும். சப்ளையர் இன்வாய்சை இ-வே பில்லோடும் (சரக்கை அனுப்பும்போது போடும் ஜிஎஸ்டி ஆவணம்) ஜிஎஸ்டிஆர் 2பியோடும் (சப்ளையர்கள் ஜிஎஸ்டியில் பதிந்த இன்வாய்ஸ் பட்டியல்) ஒப்பிடுங்கள். "பழைய பாக்கியைக் கட்டினால்தான் லோடு" என்று மிரட்டுவார்கள், கட்டாதீர்கள். அது கிளெய்மில்தான் வர வேண்டும். புதுச் சரக்குக்கு மட்டும் பணம்.

பிரிவு43: ஃபாரன்சிக்கில் நாள்தான் எதிரி. சிஐஆர்பி தொடங்கிய நாளிலிருந்து எண்ணி, சந்தேகப் பரிவர்த்தனை உண்டா என்ற கருத்து 75ஆம் நாளுக்குள், முடிவு 115க்குள், என்சிஎல்டியில் மனு 130க்குள். ஆகவே பேங்க் ஸ்டேட்மென்ட்டை முதல் வாரமே கேளுங்கள். முன்னுரிமைப் பரிவர்த்தனைக்கு (கடன் கொடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் சாதகமாகக் கொடுத்தது) உறவுடையவர் என்றால் பின்னோக்கி 2 வருஷம், மற்றவருக்கு 1 வருஷம். எல்லா அக்கவுன்ட்டையும் ஒரே ஷீட்டில் போட்டு, ஒரே நாளில் உள்ளே வந்து வெளியே போன தொகைகளைத் தனியே எடுங்கள். பணம் போன கம்பெனியின் முகவரி, டைரக்டர்களின் டின் (DIN, டைரக்டர் அடையாள) எண் இரண்டையும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் பாருங்கள். லெட்ஜரில் சாதாரண சப்ளையராக இருப்பவர், டைரக்டரின் மைத்துனர் கம்பெனியாக வெளிப்படுவது இங்கேதான்.

ரிப்போர்ட் எங்கே விழுகிறது தெரியுமா? திவால் சட்டத்தின் பிரிவு 43 (முன்னுரிமைப் பரிவர்த்தனை), 45 (குறைந்த விலைக்குக் கொடுத்தது), 66 (மோசடி வியாபாரம்) மூன்றையும் ஒரே பத்தியில் கலப்பதில். எந்தப் பழைய கடனுக்காக, யாருக்கு, மற்றவர்களைவிட எப்படிக் கூடுதல் லாபம் என்று 43க்குக் காட்ட வேண்டும். 66க்கு ஏமாற்றும் நோக்கம் வேண்டும். வழக்கமான வியாபாரத்தில் கொடுத்த பணம் 43இல் வராது. ஜேபி இன்ஃப்ராடெக் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் இவற்றுக்குத் தனித்தனியே உண்மைகளைச் சொல்லி மனுப் போடச் சொன்னது. சேரும் முன் அந்தத் தீர்ப்பை முழுசாகப் படியுங்கள்.

கொங்கு_ஆடிட்டர்: நன்றி. எக்செல் எவ்வளவு தெரிய வேண்டும்?

பிரிவு43: பிவட் போதாது. பிடிஎஃப் ஸ்டேட்மென்ட்டை எக்செலில் உள்ள பவர் குவெரியில் இழுத்து, ஒவ்வொரு பக்கமும் குளோசிங் பேலன்ஸ் பொருந்துகிறதா என்று சோதிக்கத் தெரிய வேண்டும். ஒரு வரி விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் ஆரம்பிப்பார்.