ஊருணிச் சாக்கடை: ஆகாயத்தாமரை வேண்டாம், கல்வாழை போடலாம்

சொந்தங்களுக்கு வணக்கம்.

கீழத்தெருச் சாக்கடை கலக்கும் நம் ஊருணியில் ஆகாயத்தாமரையை விட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்ற துபாய் மாமாவின் மடலைப் படித்தேன். ஆகாயத்தாமரை அழுக்கை உறிஞ்சும் என்பது சரிதான், மாமா; ஈயம், குரோமியத்தைக்கூட வேரில் பிடித்துவைக்கும். ஆனால் விடாமல் அள்ளி வெளியே போட வேண்டும். இல்லையென்றால் அழுகி, பிடித்ததையெல்லாம் அதே தண்ணீரில் விட்டுவிடும். இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிற செடி அது. தெரிந்தே ஊருணிக்குள் விடுவதா?

தேத்தாங்கொட்டை போட்டால் போதாதா என்று அத்தை கேட்டிருந்தார். அப்பத்தா ராத்திரி பானைக்குள் அதை உரசிவிட்டு, விடிந்ததும் தெளிந்த தண்ணீரை மேலாக மொண்டது எனக்கும் நினைவிருக்கிறது. அதுவும் முருங்கை விதையும் கலங்கலைத்தான் அடியில் இறக்கும். முருங்கை விதையின் புரதத்துக்கு நேர்மின்னேற்றம், சேற்றுத் துகளுக்கு எதிர்மின்னேற்றம். ஒட்டிக் கனத்து அடியில் படிந்துவிடும். சோப்பும் மூத்திரமும் கரைந்த தண்ணீரிடம் இந்த வித்தை பலிக்காது.

நமக்குத் தோது ஜல்லிப் படுகைதான். ஆரோவில்லில் பார்த்தேன். இரண்டடி ஆழத்துக்கு ஜல்லி, மேலே கல்வாழை. கழிவுநீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு நாலு விரல் கீழே, ஜல்லிக்குள்ளேயே ஊர்ந்து போகிறது. செருப்பு நனையாமல் மேலே நடந்தேன்; நாற்றம் இல்லை, கொசுவும் இல்லை. வேலையில் பெரும்பங்கு செடியுடையது அல்ல, ஜல்லியிலும் வேரிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்களுடையது. செடி அவற்றுக்கு இடமும் கொஞ்சம் ஆக்ஸிஜனும் கொடுக்கிறது. 1950களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற அம்மா கோரையை வைத்துச் சோதித்ததிலிருந்து வளர்ந்த முறை இது.

குளிர்நாட்டில் ஆளுக்கு 5 சதுர மீட்டர் கேட்கும். நம் வெயிலுக்குப் பாதி என்று வைத்தால், கீழத்தெருவின் 160 பேருக்கு 400 சதுர மீட்டர், அதாவது பத்து சென்ட். களத்துமேட்டுப் புறம்போக்கில் அடங்கிவிடும். சாயப்பட்டறைத் தண்ணீரை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது. அதிலுள்ள உப்பு எந்தக் கல்வாழைக்கும் அடங்காது.

பயமெல்லாம் படுகைக்கு முன்னால், கசடு தங்கக் கட்டும் வண்டல் தொட்டியைப் பற்றித்தான். நான் தங்கியிருந்த ஒரு விடுதியிலும் இதே படுகை; தொட்டியின் கசடை யாரும் அள்ளவில்லை. மூன்றாம் வருஷமே ஜல்லி அடைத்துக்கொண்டு, சாக்கடை மேலே தேங்கி நின்றது. கல்வாழை மட்டும் ஜோராகப் பூத்திருந்தது!

படுகை கட்டப் பணம் வந்துவிடும், கல்வெட்டில் பேர் போட்டால் போதும். அப்புறம் மாதாமாதம் தொட்டியைப் பார்த்து, செடி வெட்டுகிறவருக்குச் சம்பளம்? முதல் வருஷத்துக்கு நான் தருகிறேன். அடுத்த வருஷத்துக்கு யார் என்று இங்கேயே எழுதுங்கள். பொங்கலுக்குப் போகிறவர்கள் களத்துமேட்டை அளந்து வாருங்கள்.