மறு: 'ஹெசிடேஷன் லாக்': தயக்கப் பூட்டா, தங்குபூட்டா?

அனைவருக்கும் வணக்கம். சில கைத்துப்பாக்கிகளில் உள்ள 'ஹெசிடேஷன் லாக்' (hesitation lock) என்ற பூட்டுமுறைக்கு நம் அகராதியில் என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்று நடக்கும் பேச்சுக்கு இது என் பதில். நீங்கள் முன்வைத்த பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> 'தாமதப் பூட்டு' என்றே வைத்துவிடலாம், எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். உருளையோ நெம்புகோலோ வைத்துக் குழலின் பின்வாய் திறப்பதைத் தாமதப்படுத்தும் துப்பாக்கிகள் தனிக் குடும்பம். அவற்றில் பூட்டே கிடையாது. பாகங்கள் பின்னால் வரும் வேகத்தை மட்டுப்படுத்துவதோடு சரி. 'தாமதம்' என்ற சொல் அவற்றுக்கு வேண்டும்.

ரெமிங்டன் மாடல் 51 என்ற கைத்துப்பாக்கிக்கு அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் பெடர்சன் அமைத்தது வேறு. தோட்டா வெடித்ததும் அடைகட்டையும் (குழலின் பின்வாயை மூடும் கட்டை) ஸ்லைடும் (மேலே முன்பின் நகரும் உறை) சேர்ந்தே ஒரு நெல்மணிப் பருமன் அளவு பின்னால் வருகின்றன. அங்கே துப்பாக்கியின் உடற்சட்டத்தில் உள்ள விளிம்பில் முட்டிக் கட்டை நின்றுவிடுகிறது. ஸ்லைடு நிற்பதில்லை. வாங்கிய வேகத்தில் தனியே பின்னால் போய், கட்டையைத் தூக்கி விளிம்பிலிருந்து விடுவிக்கிறது. அதற்குள் குண்டு குழலைவிட்டுப் போயிருக்கும், அழுத்தமும் தணிந்திருக்கும். பிறகு இரண்டும் சேர்ந்து மிச்சத் தூரம் போகின்றன. நடுவில் கட்டை நிற்கிறதே, அந்த நேரத்தில் அது உண்மையாகவே பூட்டிக்கொண்டிருக்கிறது.

> தயக்கப் பூட்டு

அக்கா, தயங்குதலுக்கு அசைதல், ஒளிர்தல் என்ற பழம்பொருள்கள் உண்டுதான். இன்று வாசிப்பவருக்கு மனத்தயக்கம் மட்டுமே தோன்றும். பூட்டு சரியாகப் பிடிக்காதோ என்று நினைத்துவிடுவார். 'இடைநிற்பு'ம் வேண்டாம், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள்.

நம் அகராதிப் படத்துக்காக அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் நைலானில் பெரிய மாதிரி ஒன்று செய்யக் கொடுத்திருந்தேன். கடைசல்காரர் கட்டையை விரலால் தள்ளிப் பார்த்தார். 'டக்' என்று நின்றது. மேல்பகுதியை இழுத்ததும் எழும்பி வந்தது. "கொஞ்சம் தங்கி, அப்புறம் போவுது சார்" என்றார். எனக்கு வேண்டிய சொல் அதுதான்.

தங்குதடையின்றி என்கிறோம். அதில் தங்கு வேறு, தடை வேறு. இங்கே விளிம்பு தடை, கட்டை தங்குகிறது. எனவே 'தங்குபூட்டு'. வினைத்தொகை, சொல்லவும் எளிது. 

மாடல் 51-இன் பிற்கால வடிவமான ஆர்51 பற்றி நம் அகராதியில் உள்ள பதிவின் மதிப்பீட்டுப் பகுதியையும் திருத்த வேண்டும். 'பழுதான பூட்டுமுறை' என்று இருக்கிறது. அது நியாயமில்லை. 1918-இல் வந்த மாடல் 51, .32, .380 தோட்டாக்களுக்கானது. 2014-இல் அதே முறையை 9 மி.மீ. தோட்டாவுக்கு ஆர்51-இல் மீட்டார்கள். .380-இன் உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 21,500 பவுண்டு, 9 மி.மீ.க்கு 35,000. பின்வாய் முழுதாக மூடும் முன்பே தோட்டா வெடிப்பதாகப் புகார்கள் வந்தன. விற்றவற்றை அதே ஆண்டே திரும்பப் பெற்று, 2016-இல் மறுபடி வெளியிட்டார்கள். நான் குறை காண்பது செய்நேர்த்தியில்தான், பெடர்சனின் கருத்தில் இல்லை. குழல் அசையாமல் நிற்கிறது, சுருள்வில் அதைச் சுற்றியே அமைகிறது, அதனால் குழல் கைக்கு நெருக்கமாகத் தாழ்ந்து உட்கார்கிறது. சிறு கைத்துப்பாக்கியில் இது பெரிய வசதி.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் 'தங்குபூட்டு' என்றே பதிவேற்றிவிடுகிறேன்.