மேட்ச் ஆன் ஆக்‌ஷன்: அந்தாதியா, அசைவொட்டா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு ஷாட்டில் தொடங்கிய அசைவை நடுவில் வெட்டி, வேறு இடத்திலிருந்து எடுத்த அடுத்த ஷாட்டில் தொடர்வதுதான் 'மேட்ச் ஆன் ஆக்‌ஷன்'. இந்தப் படத்தொகுப்பு உத்திக்குத் தமிழில் 'அந்தாதி வெட்டு' என்று நம் குழுமத்தில் ஐயா முன்வைத்ததைப் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. மூன்று நாளாக அதே நினைப்புதான். ஆனாலும் அந்தச் சொல்லை இதற்குக் கொடுத்துவிடக் கூடாது என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்ல, எங்கள் பிள்ளைகள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் ஒரு குறும்படத்தின் தொடக்கத்தை மட்டும், இரண்டு நிமிடத்துக்கு, எடுத்தார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பேத்தி வருகிறாள், திறக்கிறாள், உள்ளே போகிறாள். அவ்வளவுதான் கதை. கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாக வரைந்து திட்டம் போட்டார்கள். ஐந்தாவது ஷாட் முகப்புத் திண்ணையிலிருந்து: தேக்குக் கதவைத் தள்ளிக் காலைத் தூக்குகிறாள். ஆறாவது உள்ளேயிருந்து: அதே கால் நிலைப்படியைத் தாண்டி இறங்குகிறது. அந்த வீட்டு நிலைப்படி உயரம், காலைத் தூக்காமல் உள்ளே போக முடியாது.

ஐந்தாவதைச் சனிக்கிழமை காலையிலும் ஆறாவதை மறுநாள் மாலையிலும் எடுத்தார்கள். தொகுக்க உட்கார்ந்தால், வெளியே தூக்கியது வலது கால், உள்ளே இறங்கியது இடது கால். பை தோள் மாறியிருந்தது. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், வெயில் விழும் இடமும் மாறிவிட்டது. சரி என்று அடுத்த வாரம் திரும்ப எடுத்தோம். இந்த முறை கதவைத் தள்ளுவதிலிருந்து உள்ளே இரண்டு எட்டு வைப்பதுவரை முழு அசைவையும் இரண்டு பக்கமிருந்தும் எடுத்தார்கள். அப்புறம் எங்கே வெட்டுவது என்று ஒரு மதியம் முழுக்கத் தேடல். நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படங்கள். கால் தரையைத் தொட்ட பிறகு வெட்டினால் இடறியது. கால் அந்தரத்தில் இருக்கும்போது வெட்டியதும் வெட்டே தெரியாமல் போனது. பார்ப்பவரின் கண் அசைவின் பின்னாலேயே போய்விடுவதால், கேமரா இடம் மாறியதைக் கவனிப்பதில்லை. "இப்பத்தான் டீச்சர் ஒரே வீடா இருக்கு" என்றாள் ஒரு மாணவி. இந்த உத்திக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். அந்தாதியில் முந்தைய பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் தொடக்கத்தில் மறுபடி வரும். மறுபடி வருவதுதான் அதன் உயிர். இங்கேயோ அசைவு மறுபடி வந்தால் பிழை. அவள் இரண்டு முறை காலைத் தூக்கியதாகத் தெரியும். பாதி அசைவு இந்த ஷாட்டில், மீதி அசைவு அந்த ஷாட்டில், அவ்வளவே.

ஆனால் அந்தாதிக்கு அச்சாகப் பொருந்துகிற இன்னொன்று இருக்கிறது: 'மேட்ச் கட்'. எங்கள் பிள்ளைகள் படத்திலேயே சாவியின் வட்டத் தலையில் ஒரு ஷாட் முடிகிறது, பித்தளை அண்டாவின் வட்ட வாயில் அடுத்தது தொடங்குகிறது. ஒன்றின் முடிவு வடிவமே மற்றொன்றின் தொடக்க வடிவம். 'அந்தாதி வெட்டு' என்பதை இதற்கு வைத்துக்கொள்வோம். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் 1976இல் 'மூன்று முடிச்சு' படத்துக்கு அந்தாதியிலேயே பாட்டு எழுதியவர். சினிமாவுக்கு அது அந்நியச் சொல் அல்ல.

மேட்ச் ஆன் ஆக்‌ஷனுக்கு என் பரிந்துரை 'அசைவொட்டு'. 'இயக்கப் பொருத்தம்' என்றால் இயக்குநரின் வேலை நினைவுக்கு வருகிறது. 'செயல் பொருத்தம்' தவறில்லை, ஆனால் செயல் பெரியது. வீட்டுக்குள் போவது செயல், காலைத் தூக்குவது அசைவு. வெட்டு விழுவது அசைவின் நடுவில்.

'ஒட்டு' என்றால் கிழிசலுக்குப் போட்ட ஒட்டு மாதிரி இருக்கிறதே என்று மதுரை நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒட்டு மாமரம். இரண்டு தண்டையும் பொருந்துகிற மாதிரிச் சீவி வைத்துக் கட்டினால்தான் ஒட்டு பிடிக்கும். பிள்ளைகள் பிரேம் பிரேமாகத் தேடியதும் அந்தப் பொருத்தத்தைத்தான். தொழிலிலும் இந்தச் சொல்லுக்கு வேர் உண்டு. 1947இல் வந்த 'நாம் இருவர்' இதே காரைக்குடியில் ஏவிஎம் எடுத்த படம். அந்தக் காலத்தில் படத்தொகுப்பு என்றால் பிலிமைக் கையால் வெட்டி ஒட்டுவதுதானே. வெட்டியதை மட்டும் பேசுகிறோம், ஒட்டியதை மறந்துவிட்டோம்.

பேச்சிலும் எளிதாக வருகிறது. "இங்கே அசைவொட்டு வை", "அசைவொட்டு சரியாக விழவில்லை" என்று பிள்ளைகள் இப்போதே பேசத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த படத்துக்கான ஷாட் பட்டியலில் மூன்று இடத்தில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஐயா இதற்கு என்ன சொல்கிறார் என்று அவர்களும் காத்திருக்கிறார்கள்.