ஓடை நீரால் முகாம் வண்டியின் தொட்டியை நிரப்பலாமா?

கேள்வி:
ஊர்களை விட்டு விலகி வாரக்கணக்கில் வண்டியில் தங்கும்போது, தொட்டி காலியானால் அருகிலுள்ள ஓடையிலிருந்தே நிரப்பிக்கொள்ள விரும்புகிறேன். 0.1 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு) துளையுள்ள வடிகட்டி ஒன்று மட்டும் போதுமா?

பதில் 1:
அது பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் தடுக்கும். வைரஸ்கள் பெரும்பாலும் அத்துளைகளைவிடச் சிறியவை என்பதால் கடந்துவிடக்கூடும். எனவே குடிக்கும் நீரையாவது ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம், கொதிக்க வையுங்கள்.

பதில் 2:
தொட்டி அளவுக்கு நீர் எடுக்கும்போது பெருந்தொல்லை அடைப்புதான். வாளியில் இரவு முழுவதும் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் சிறு பம்பினால் உறிஞ்சி, முதலில் 5 மைக்ரான் வடிகட்டி, அடுத்துக் கரி வடிகட்டி, இறுதியில் 0.1 மைக்ரான் என்ற வரிசையில் செலுத்தினால், விலை கூடிய கடைசி வடிகட்டி நெடுநாள் உழைக்கும். குளோரின் சேர்ப்பதாயின் கரிக்குப் பிறகு, தொட்டியிலேயே சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் கரி அதை நீக்கிவிடும்.

கேட்டவர்:
பச்சை படர்ந்த குளத்து நீருக்கும் இதே முறை பொருந்துமா?

பதில் 2:
பொருந்தாது. நீலப்பச்சைப் பாசியின் நச்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. வேறு நீர்நிலையைத் தேடுங்கள். இன்னொன்று: உங்கள் 0.1 மைக்ரான் வடிகட்டி நுண்ணிழை (உள்ளீடற்ற மெல்லிய இழைகளால் ஆன) வகையாயின், ஒருமுறை நனைந்தபின் உறைந்தால், வெளியே தெரியாமலே உள்ளே விரிசல் விடக்கூடும் என்பதால், கடுங்குளிரில் அதை வண்டிக்குள் வையுங்கள்.