நாய்க்குக் காதில் திரும்பத் திரும்பச் சீழ், நல்ல டாக்டர் யாராவது தெரியுமா?

நெல்லுச்சோறு: அவசரம். எங்கள் டைகருக்கு மறுபடி காதில் நாற்றம், பழுப்பாக அழுக்கு, ராத்திரி முழுக்கத் தலையை உதறி உதறி வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. இங்கே பார்க்கிற டாக்டர் காதை மடக்கிப் பார்த்துவிட்டு ஒரு சொட்டு மருந்து எழுதித் தருகிறார், விடுகிற வரை சரியாக இருக்கிறது, நிறுத்தினால் பழைய கதைதான். நல்ல டாக்டர் சொல்லுங்கள்.

கருப்பட்டி: எந்த ஊர்? என்ன ஜாதி நாய், வயது? ஒரு காதா, இரண்டுமா?

பைரவதாசன்: இதே கேள்விக்கு எத்தனை தடவை எழுதியாயிற்று. தேடிப் பார்க்கிற பழக்கமே போய்விட்டது. 'இங்கே' என்றால் எங்கே தம்பி, சிங்கப்பூரா?

வேப்பங்குச்சி: பூண்டைத் தட்டி நல்லெண்ணெயில் காய்ச்சி வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு விடுங்கள். தாத்தா காலத்து வைத்தியம்.

பைரவதாசன்: ஐயா, உங்கள் தாத்தாவுக்கு விடுங்கள். நாய்க் காதுக் குழாய் நேராகக் கீழே இறங்கி அப்புறம் உள்பக்கம் மடங்கும், எண்ணெய் போய் அந்த மடக்கில்தான் தேங்கும். செவிப்பறை கிழிந்திருந்தால் ஜென்டாமைசின் மாதிரி மருந்தே காதைச் செவிடாக்கிவிடலாம், அதனால்தான் ஓட்டோஸ்கோப் (காதுக்குள் பார்க்கிற விளக்குக் கருவி) விட்டுப் பார்க்க வேண்டும் என்பது.

நெல்லுச்சோறு: மன்னார்குடி பக்கம். லேப்ரடார், நாலு வயது, இரண்டு காதும். பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பான், அது எல்லா நாயும் செய்வதுதானே. பாமணி ஆற்றில் தண்ணீர் வந்ததிலிருந்து தினம் நீச்சல் வேறு.

கருப்பட்டி: இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! இரண்டு காது, பாதம் நக்கல், இரண்டும் சேர்ந்தால் அனேகமாக அலர்ஜி. அதைப் பிடிக்காமல் காதுக்கு மட்டும் மருந்து விட்டால் திரும்பத்தான் வரும். ஈரமும் தொங்குகாதும் அதற்கு மேல். டாக்டருக்குப் போன் போட்டு, காதழுக்கைப் பஞ்சில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். ஈஸ்ட் என்கிற பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு வேறு. பார்க்காமல் எழுதுபவரிடம் திரும்பப் போகாதீர்கள். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டத்தில்தானே, 2012இல் தொடங்கியது, அங்கே காட்டுங்கள்.

கடைமடைக்காரன்: நாய்க்குத் தினம் நீச்சலா? ஜூன் 12 மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்ததை நாங்கள் டிவியில்தான் பார்த்தோம். தலைஞாயிறு பக்கம் வாய்க்காலில் ஆடு மேய்கிறது.

வேப்பங்குச்சி: தூர் வாராமல் தண்ணீர் எப்படி அண்ணே வரும்?

கடைமடைக்காரன்: தூர் வாரியதாகக் கணக்கு இருக்கிறது. வெங்காயத்தாமரையும் இருக்கிறது. மேலே ஷட்டரை முறைப்படி இறக்கினால்தானே எங்களுக்கு.

வேப்பங்குச்சி: அது சரி. நாட்டு நாய் வளர்த்தால் இந்தக் காது வம்பே இல்லை. ராஜபாளையம் வாங்கியிருக்கலாம்.

பைரவதாசன்: ராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுக் குட்டிகள் வருவதுண்டு. தெரிந்துகொண்டு எழுதவும்.

கருப்பட்டி: ஷட்டர் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்களேன். நெல்லுச்சோறு, என்ன ஆயிற்று?

நெல்லுச்சோறு: ஒரத்தநாடு போனோம். நாய் என்றதும் இரண்டு கார்க்காரர்கள் வரமாட்டேன் என்றார்கள், கடைசியில் மாமாவின் ஆம்னி. பஞ்சில் எடுத்துப் பார்த்தார்கள், ஈஸ்ட். செவிப்பறை நன்றாக இருக்கிறது. காது கழுவ ஒன்று, சொட்டு ஒன்று, அலர்ஜியா என்று பார்க்கச் சாப்பாட்டில் கோழியை எட்டு வாரம் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், அம்மா கேட்பாளா தெரியவில்லை. உதறல் குறைந்திருக்கிறது. நன்றி.

மணல்மேடு: எங்கள் நாய்க்கும் இதே நாற்றம். அந்தச் சொட்டு மருந்து பேர் போடுங்கள் சார்.

பைரவதாசன்: மேலே படிக்கவும்.