சஸ்பென்ஸுக்குப் 'பதைப்பு' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

சஸ்பென்ஸ், மெனஸ் போன்ற திரைக்கலைச் சொற்களுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். சஸ்பென்ஸ் என்பதற்கு மர்மம், திகில், விறுவிறுப்பு, பதற்றம், அந்தரம் என்று ஐந்து சொற்கள் வந்துவிட்டன. எது பொருத்தம் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை நாம் தமிழில் வேறு பொருளில்தான் வழங்குகிறோம். "யாருன்னு இப்ப சொல்ல மாட்டேன், சஸ்பென்ஸ்" என்கிறோம். "சஸ்பென்ஸை உடைச்சிடாதே" என்கிறோம். நமக்கு அது மறைத்து வைக்கும் காரியம். திரைக்கலையில் அது குறிப்பது இதற்கு ஏறக்குறைய நேர் எதிரான ஒன்றை. அங்கே பார்ப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காத்திருக்க வைக்கிறார்கள்.

இயக்குநர் ஹிட்ச்காக் 1962இல் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவிடம் இதை விளக்கியது பலருக்கும் தெரிந்திருக்கும். நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாது. அது வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. குண்டு வைத்ததை நமக்கு முதலிலேயே காட்டி, சுவரில் கடிகாரத்தையும் காட்டிவிட்டால், அவர்கள் பேசும் அதே வெட்டிப்பேச்சு 15 நிமிடம் நம்மை உட்காரவிடாது. இந்த விளக்கத்தை வைத்துப் பார்த்தால் 'மர்மம்' முதலிலேயே விழுந்துவிடுகிறது. மர்மம் தெரியாததைப் பற்றியது. நமக்கு வேண்டிய சொல் தெரிந்ததைப் பற்றியது.

சொற்களைச் சோதிக்க ஒரு காட்சியை எடுத்துக்கொள்கிறேன். 1963இல் வந்த ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்', பறவைகள் கூட்டமாக மனிதரைத் தாக்கும் படம். கலிபோர்னியாவின் பொடேகா பே என்ற கடலோரச் சிற்றூர். கதாநாயகி மெலனி பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் குழந்தைகள் ஏறி விளையாடும் கம்பிச் சட்டம். ஒரு காகம் வந்து அதில் உட்காருகிறது. மறுபடி மெலனி. மறுபடி கம்பிச் சட்டம்: இப்போது நாலைந்து காகம். மெலனி புகை விடுகிறாள். உள்ளே பிள்ளைகள் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். அடி மேல் அடியாக நீளும், முடியவே முடியாத பாட்டு.

இந்த இடத்தில்தான் படத்தொகுப்பு ஒரு வேலை செய்கிறது. அதுவரை மாறி மாறிக் காட்டிக்கொண்டிருந்த கேமரா மெலனியின் மேலேயே நின்றுவிடுகிறது. கம்பிச் சட்டத்தைக் காட்ட மறுக்கிறது. நாம் மனத்துக்குள் எண்ண ஆரம்பிக்கிறோம். பத்து இருக்குமா, இருபது இருக்குமா? அப்புறம் ஒரே ஒரு காகம் வானில் பறப்பதை அவள் பார்க்கிறாள், கண்ணாலேயே அதைப் பின்தொடர்கிறாள், அது போய் இறங்கும் இடம் முழுக்கக் கறுத்துக் கிடக்கிறது. அந்தப் படத்தில் வழக்கமான பின்னணி இசை கிடையாது. பிள்ளைகளின் பாட்டுதான் கடிகாரம். அது நின்றால் பிள்ளைகள் வெளியே வருவார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். 'பதற்றம்' என்றால் யாருடைய பதற்றம்? பெஞ்சில் இருக்கும் மெலனிக்கு ஒரு பதற்றமும் இல்லை, காத்திருந்து சலித்துப்போயிருக்கிறாள். அவள் அமைதியாக இருப்பதே நம்மை வாட்டுகிறது. தவிர, பதற்றத்தைச் செய்தித்தாள்கள் எடுத்துக்கொண்டுவிட்டன, 'அப்பகுதியில் பதற்றம் நிலவுகிறது' என்று. 'விறுவிறுப்பு' வேகத்தைச் சொல்கிறது, இந்தக் காட்சியோ மெதுவாக நகர்வதால்தான் நிற்கிறது. 'திகில்' நடந்தபின் வருவது.

யாழ்ப்பாணத்து அக்கா முன்வைத்த 'அந்தரம்' என்னை ஒரு நாள் முழுக்க யோசிக்க வைத்தது. தொங்கி நிற்பது என்ற பொருள் மூலச் சொல்லிலேயே இருக்கிறது. ஈழத்துப் பேச்சில் 'அந்தரப்படுதல்' என்றால் மனம் நிலைகொள்ளாமல் தவிப்பது, அதுவும் பொருந்துகிறது. ஆனால் அக்கா, தமிழ்நாட்டு வாசகருக்கு அந்தரம் என்றால் ஆகாயத்தில் கயிறு கட்டி ஆடும் வித்தைதான் முதலில் நினைவுக்கு வரும். இன்னொன்று, அந்தரப்படுகிறவர் தன் காரியத்துக்காக அந்தரப்படுகிறார். நாம் இங்கே இன்னொருவருக்காகத் தவிக்கிறோம்.

அதனால்தான் நான் 'பதைப்பு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். தவழும் குழந்தை மாடிப்படி விளிம்புக்குப் போவதைத் தெருவிலிருந்து பார்க்கும் தாய்க்கு வருவது என்ன? பதைபதைப்பு. குழந்தைக்குத் தெரியாது, தாய்க்குத் தெரியும், தாயின் கை எட்டாது. மூன்றும் சேர்ந்தால்தான் நாம் 'பதைபதைத்துப் போனேன்' என்கிறோம். திரையரங்க இருக்கையில் இருப்பவர் நிலையும் இதுவேதான். புதுச்சொல் கட்டவே தேவையில்லாமல், வீட்டிலேயே இருந்த சொல் இது. வினையாகவும் வளையும்: பதைக்க வைக்கும் காட்சி, பதைப்பைக் கூட்டுதல், பதைப்புக் கணம். அடுக்கைக் குறைத்துப் 'பதைப்பு' என்று நிறுத்தியது கலைச்சொல்லின் சுருக்கம் கருதி.

இசைக்கும் இந்தச் சொல் உதவுகிறது. 1975இல் வந்த 'ஜாஸ்' என்ற சுறாப் படத்தில் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுர இசையைப் பயமூட்டும் இசை என்று மட்டும் எழுதிவிடுகிறோம். உண்மையில் அது ஒரு தகவல். சுறா தண்ணீருக்குள் இருக்கிறது என்று நீந்துகிறவருக்குத் தெரியாமல் நமக்கு மட்டும் சொல்கிறது. இரண்டு சிறுவர்கள் அட்டையால் செய்த சுறாத் துடுப்பை வைத்து விளையாட்டுக்கு ஊரைக் கலக்கும் காட்சியில் அந்த இசை இல்லை. பிற்பாடு சுறா இசையில்லாமல் தலைகாட்டும்போது நாம் தூக்கிவாரிப் போட்டு எழுகிறோம். இசை முன்கூட்டிச் சொல்லிவிடுவது பதைப்பு, இசையில்லாமல் வருவது அதிர்ச்சி. இரண்டுக்கும் ஒரே 'திகில்' போட்டால் இந்த வேறுபாட்டை எழுத வழியே இல்லை.

அடுத்து, ஏதோ தீங்கு நெருங்குகிறது என்ற உணர்வைக் குறிக்கும் 'மெனஸ்' (menace) என்பதற்கு 'அச்சுறுத்தல்' போதும் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். அச்சுறுத்தல் ஒருவர் செய்யும் செயல். கம்பிச் சட்டத்துக் காகங்கள் ஒன்றும் செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கின்றன. இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்' (1931), குழந்தைகளைக் கொல்பவனைப் பற்றிய படம். அதில், கொலைகாரனைப் பிடித்தால் பரிசு என்ற சுவரொட்டியின் மேல் ஒரு சிறுமி பந்தடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த எழுத்துகளின் மேல் ஒரு தொப்பிக்காரனின் நிழல் விழுகிறது. அவ்வளவுதான். அவன் கனிவாகத்தான் பேசுகிறான். அப்புறம் தாய் அவள் பெயரைக் கூப்பிடக் கூப்பிட வெறும் மாடிப்படி, துணி காயும் பரண், தொடாத தட்டு, உருண்டு வந்து நிற்கும் பந்து, கம்பியில் சிக்கிய பலூன். ஒரு அடி, ஒரு அலறல் கிடையாது.

மழை வரவில்லை, ஆனால் வானம் மூட்டமாக இருக்கிறது என்கிறோமே, அதுதான் இது. எனவே 'அச்சமூட்டம்'. அச்சம், மூட்டம் என்றும் பிரிக்கலாம். அச்சத்தை ஊட்டுவது என்றும் படிக்கலாம். இரண்டும் பொருந்துவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நிழல், வெற்றிடம், சட்டகத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒலி, நகராத கேமரா ஆகியவற்றால் அச்சமூட்டம் கட்டும். என்ன வரப்போகிறது, யார் மேல் வரப்போகிறது என்று நமக்குத் தெரிந்த நொடியில் அது பதைப்பாகும்.

ஒரு இடம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை, உங்கள் உதவி வேண்டும். பதைப்பு முடிவதற்கு என்ன சொல்? ஆபத்து விலகினால் 'பதைப்பு தணிந்தது' எனலாம். ஆனால் 1936இல் ஹிட்ச்காக் எடுத்த 'சாபடாஜ்' படத்தில், கையில் இருப்பது குண்டு என்று தெரியாமல் ஒரு சிறுவன் பேருந்தில் போகிறான். நமக்குத் தெரியும். கடைசியில் குண்டு வெடித்தேவிடுகிறது, பையன் சாகிறான். அது தான் செய்த தவறு என்று பிற்காலத்தில் ஹிட்ச்காக்கே சொன்னார். அங்கே தணியவும் இல்லை, புதிதாக அதிர்ச்சியும் இல்லை. 'ஈடேறாப் பதைப்பு' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை. இதைவிட எளிய சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.