சிவப்பு டிராகன் பழத் தோட்டத்தில் வெள்ளையும் வேண்டுமா?

குச்சவெளிக்காரன்: டிராகன் நன்றாகப் பூக்கிறது. விரிந்து சில நாளில் பூ மஞ்சளித்து விழுகிறது. எல்லாம் சிவப்புச் சதை. ஒரே தோட்டத்தில் வெட்டி வந்த தண்டுகள். போரோன் சத்து அடி என்கிறார் ஒருவர், வெள்ளைச் சதை வகையைக் கலந்து நடு என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

தம்பலகாமம் வயல்: வெள்ளை நடு என்பது கன்று விற்பவர்களின் கதை. இந்த வெயிலுக்குத் தண்ணீரையும் பொட்டாசையும் கவனியுங்கள், போதும்.

நிலாவெளி டீச்சர்: தண்ணீர்க் குறை என்றால் பெரும்பாலும் மொட்டிலேயே உதிரும் அண்ணே. இவருக்கு விரிந்த பிறகுதான் விழுகிறது, அதாவது சூல் பிடிக்கவில்லை. சிவப்பில் பல வகை தன் மகரந்தத்தை ஏற்காது. ஒரே தாய்ச்செடியின் தண்டுகள் என்றால் நூறு தூண் நின்றாலும் மரபில் ஒரே செடிதான்.

தம்பலகாமம் வயல்: என் வேலியோரம் தனியாக ஒரு சிவப்பு நிற்கிறது. வருஷா வருஷம் காய்க்கிறதே?

நிலாவெளி டீச்சர்: சிவப்பிலும் தானே காய்ப்பவை உண்டு. இல்லாவிட்டால் பக்கத்து வளவில் வெள்ளை நிற்கும், எட்டிப் பாருங்கள்.

கிண்ணியா தம்பி: வெள்ளை கலந்தால் பழம் உள்ளே வெளிறிவிடும் என்று எங்கள் வாப்பா விடமாட்டார்.

நிலாவெளி டீச்சர்: சதை தாய்ச்செடியின் திசு தம்பி, நிறம் மாறாது. விதைக்குள் இருக்கும் கரு மட்டும்தான் கலப்பு. விதை கூடினால் பழம் பெருக்கும், அது லாபம்.

தம்பலகாமம் வயல்: சரி, நட்டால் தேனீ பார்த்துக்கொள்ளும். இரவில் டோர்ச்சோடு நிற்கச் சொல்லாதீர்கள்.

நிலாவெளி டீச்சர்: பூவுக்கு ஒரே இரவுதான், காலையில் வாடிவிடும். வௌவாலுக்கும் பெரிய அந்துப்பூச்சிக்கும் ஏற்ற அமெரிக்கப் பூ அது. மகரந்தத்தை ஏற்கும் சூல்குறி மகரந்தக்கூடுகளுக்கு மேலே நீட்டி நிற்பதால், விடியலில் வரும் தேனீ அதைத் தொடாமலே மகரந்தத்தை அள்ளிப் போய்விடும். தூரிகையால் தடவுவதுதான் நிச்சயம்.

கிண்ணியா தம்பி: இரண்டும் ஒரே இரவில் பூக்காவிட்டால்?

நிலாவெளி டீச்சர்: வெள்ளையின் மகரந்தத்தை ஈரமில்லாமல் மூடிய போத்தலில் பிரிட்ஜில் வைத்தால் சில நாள் பாவிக்கலாம். குச்சவெளித் தம்பி, மொட்டிலேயே கடதாசிப் பை கட்டி, விரிந்ததும் ஒரு பூவுக்கு அதன் சொந்த மகரந்தம், இன்னொன்றுக்கு வெள்ளையினது தடவி, திரும்பக் கட்டிவிடுங்கள்.

குச்சவெளிக்காரன்: செய்கிறேன் டீச்சர். போரோனும் வாங்கிவிட்டேன், அதையும் அடிக்கட்டா?

நிலாவெளி டீச்சர்: இப்போது வேண்டாம். காய் பிடித்தால் எதனால் என்று தெரியாமல் போகும்.

தம்பலகாமம் வயல்: பிடித்தால் சரிதானே டீச்சர், அவர் என்ன சோதினையா எழுதப்போகிறார்? அடி தம்பி.